முடித்த முடிவை மறுபடி திறக்கும்போது: கருவி மாற்றும் தன்னார்வக் குழுக்களுக்கு

பைத்தான் நிரல்மொழியை உருவாக்கும் குழு, தன் மூலநிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியை சப்வெர்ஷனிலிருந்து மெர்க்கூரியலுக்குக் கொண்டுபோவதாக அறிவித்த நாள் 2009 மார்ச் 30. உண்மையில் கொண்டுபோன நாள் 2011 மார்ச் 5. மெர்க்கூரியலை விட்டு, கிட் என்ற இதே வகைக் கருவியில் இயங்கும் கிட்ஹப் இணையச் சேவைக்குப் போவதென்ற அறிவிப்பு 2016 ஜனவரி 1 அன்று வந்தது. போய்ச் சேர்ந்தது 2017 பிப்ரவரி 10. பிழைப் பதிவுகளையும் கிட்ஹப்புக்கே மாற்றலாம் என்ற முன்மொழிவு 2019 மே மாதம் ஏற்கப்பட்டது; மாற்றியது 2022 ஏப்ரலில். முதல் தடவை ஏறத்தாழ இரண்டு வருடம், அடுத்தது பதின்மூன்று மாதம், மூன்றாவது கிட்டத்தட்ட மூன்று வருடம்.

தன்னார்வக் குழுக்கள் அடிபடுவது இந்த இடைவெளியில்தான். எந்தக் கருவி என்று முடிவாகிவிட்டது, ஆனால் எல்லாரும் இன்னும் பழைய கருவியில் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். பழைய வரலாற்றைப் புதிய வடிவத்துக்கு மாற்றும் ஸ்கிரிப்டை இரண்டு பேர் சனி, ஞாயிறுகளில் எழுதுகிறார்கள். ஆறாவது மாதம் ஒருவர் கேட்கிறார்: "ஏன் கிட்லாப் இல்லை?" கிட்லாப் கிட்ஹப்பைப் போன்ற இன்னொரு சேவை; நியாயமான கேள்வி. பதில் சொல்ல ஆரம்பித்தால் நாற்பது மடல் ஓடுகிறது. ஸ்கிரிப்ட் எழுதும் இருவரில் ஒருவர், "முதலில் முடிவு உறுதியாகட்டும், அப்புறம் தொடர்கிறேன்" என்று ஒதுங்குகிறார். பெரும்பாலும் அவர் திரும்பி வருவதில்லை. சம்பளத்துக்கு வேலை செய்கிறவரை மேலாளர் திங்கட்கிழமை திரும்ப உட்காரவைத்துவிடலாம். தன்னார்வலரை உட்காரவைப்பது, செய்கிற வேலை வீணாகாது என்ற நம்பிக்கை மட்டும்தான்.

அதற்காக, எடுத்த முடிவை யாரும் தொடவே கூடாது என்று பூட்டிவைப்பதும் தவறு. பைத்தான் குழு 2009-இல் மெர்க்கூரியலைத் தேர்ந்தெடுத்தது சரி. 2014 முதல் அந்த முடிவைத் திறந்து மறுபடி பேசியதும் சரி. ஈமேக்ஸ் என்ற உரைத் திருத்தியின் திட்டம் 2009 கடைசியில் பசார் என்ற இதே வகைக் கருவிக்குப் போனது. சில வருடங்களில் பசாரின் வளர்ச்சியே ஏறக்குறைய நின்றுவிட்டதால் 2014 நவம்பரில் கிட்டுக்கு மாறியது. அப்படிப்பட்ட நேரத்தில் "அதெல்லாம் முடிந்துபோன விஷயம்" என்று சொல்கிற குழு, செத்த கருவியோடு மாட்டிக்கொள்ளும். ஆகவே கதவு வேண்டும். எப்போது, யார், என்ன கையில் எடுத்துக்கொண்டு அந்தக் கதவைத் தட்டலாம் என்பதை முடிவெடுக்கும் நாளிலேயே எழுதிவைக்க வேண்டும். சண்டை தொடங்கிய பிறகு விதி எழுத உட்கார்ந்தால், விதியும் சண்டையில் ஒரு கட்சியாகிவிடும்.

காரணத்தைச் சோதிக்கிற மாதிரி எழுதுங்கள்

பைத்தானில் பெரிய முடிவுகளுக்கு பெப் என்ற முன்மொழிவு ஆவணம் உண்டு. 2009 முடிவுக்கு அடிப்படையான பெப் 374, பசார், கிட், மெர்க்கூரியல் மூன்றையும் ஒரே வேலைப் பட்டியலில் வைத்து ஒப்பிட்டது. பேட்ச் (ஒருவர் அனுப்பும் திருத்தம்) ஒன்றைச் சேர்ப்பது, ஒரு திருத்தத்தைப் பல பிராஞ்சுகளுக்கு (மூலநிரலின் கிளைகளுக்கு) கொண்டுபோவது என்று ஒவ்வொரு வேலைக்கும் மூன்று கருவிகளிலும் என்னென்ன கட்டளை என்று எழுதியிருந்தார்கள். கிட் கழிக்கப்பட்டதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, அன்றைக்கு விண்டோஸில் அதன் நிலை போதுமானதாக இல்லை என்பது. குழுவுக்குள்ளேயே கிட்டுக்கு இருந்த எதிர்ப்பு இன்னொன்று. பசார் வேகத்தில் பின்தங்கியது.

ஐந்து வருடம் கழித்துத் திறந்தபோது இந்த எழுத்து எவ்வளவு உதவியது என்று பாருங்கள். கிட் விண்டோஸில் நன்றாக ஓட ஆரம்பித்துவிட்டது. புதிதாகப் பங்களிக்க வருகிறவர்களுக்கு கிட் ஏற்கெனவே கைப்பழக்கம். "2009-இல் தப்பு செய்துவிட்டீர்கள்" என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "அன்றைக்கு எழுதிய காரணங்களில் இது இன்றைக்குப் பொருந்தவில்லை" என்றால் போதும். பழைய முடிவுக்காக உழைத்தவரின் முகம் வாடாமல் அதே முடிவை மாற்ற முடிகிறது.

"மெர்க்கூரியல் எளிமையானது" என்பது சோதிக்க முடியாத காரணம். எளிமை இல்லை என்று நினைக்கிற யாரும் எந்த நாளிலும் அதைத் திறக்கலாம். "விண்டோஸில் க்ளோன் (முழு நகலெடுப்பது), கமிட் (மாற்றத்தைப் பதிவது), மெர்ஜ் (கிளைகளை இணைப்பது) மூன்றும் ஒரே நிறுவலில் நடக்க வேண்டும்; இன்றைய கிட்டில் நடக்கவில்லை" என்று எழுதினால் அதைச் சோதிக்க அரை மணி நேரம் போதும். ஆம், இல்லை என்று பதில் வந்துவிடும். முடிவுக் குறிப்பில் இப்படி மூன்று அல்லது நான்கு காரணம் இருந்தால் நிறைவு. பத்துக் காரணம் எழுதுகிற குழுவுக்கு எது தாங்குகிற தூண், எது சும்மா நிற்கிற தூண் என்று தெரியவில்லை என்றுதான் அர்த்தம். அதில் பலவீனமான ஒன்பதாவது காரணத்தைப் பிடித்துக்கொண்டு யாராவது மொத்தத்தையும் ஆட்டுவார்கள்.

குறிப்பு ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். மேலே முடிவு, ஒரே வாக்கியத்தில். அடுத்து யார் முடிவெடுத்தது, எந்தத் தேதியில், எத்தனை நாள் பேசினார்கள் என்பது. பிறகு காரணங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "இது மாறினால் திறக்கலாம்" அல்லது "இது மாறினாலும் முடிவு நிற்கும்" என்று ஒரு குறி. அதன்கீழ் பரிசீலித்துக் கழித்த வழிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. கடைசியில், இன்னும் முடிவாகாதவை. பலரும் இந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். என் கணிப்பில் பாதிச் சண்டை இதனால்தான் வருகிறது. ஒருவர் திறந்தே இருக்கும் விஷயத்தைப் பேசுகிறார், இன்னொருவர் மூடிய விஷயத்தைத் திறப்பதாக எண்ணிக் கோபப்படுகிறார்.

கழித்த வழிகளை அழித்துவிடாதீர்கள். 2015-இல் பேரி வார்சா எழுதிய பெப் 507, பைத்தான் கிட்லாப்புக்குப் போகலாம் என்றது. அது ஏற்கப்படவில்லை. "நிராகரிக்கப்பட்டது" என்ற முத்திரையோடு முழு ஆவணமும் இன்றைக்கும் அதே எண்ணில் கிடைக்கிறது. ஆறு மாதம் கழித்து "ஏன் கிட்லாப் இல்லை?" என்று கேட்கிற புதியவருக்குக் கொடுக்க ஒரு சுட்டி இருக்கிறது. தன் யோசனையை யாரோ ஏற்கெனவே தீவிரமாக எடுத்து எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்ததுமே பாதிப் பேருக்கு மனசு ஆறிவிடும்.

யார் முடிவெடுப்பார் என்பதும் முன்கூட்டியே தெரிய வேண்டும். மொழியின் தலைவராக இருந்த கைடோ வான் ராசம், கிட்ஹப் மாற்ற முடிவைத் தானே எடுக்காமல் குழு உறுப்பினர் பிரெட் கேனனிடம் விட்டார். முடிவு வரும் நாளும் முன்பே சொல்லப்பட்டிருந்தது. பேர் ஒன்று, தேதி ஒன்று. "குழுவாகச் சேர்ந்து முடிவெடுப்போம், நேரம் வரும்போது பார்ப்போம்" என்று விட்ட முடிவுகளைப் பின்னால் எவரும் திறந்துவிடுகிறார்கள். அவற்றை யாரும் மூடவே இல்லை அல்லவா.

எதைத் திறந்தால் என்ன செலவு

"கருவி மாற்றம்" என்று ஒரே முடிவாகப் பேசுவது வசதி; ஆனால் அதற்குள் இருபது சின்ன முடிவுகள் இருக்கின்றன. சிலவற்றை எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம். சிலவற்றை மாற்று நாளுக்கு, அதாவது உண்மையில் புதிய கருவிக்குப் போகும் நாளுக்கு, பிறகு திறக்கவே முடியாது. இந்த வித்தியாசத்தை முதலிலேயே அட்டவணையாகப் போட்டு எல்லார் கண்ணிலும் படவைத்தால், பேச்சு தானாகவே சரியான இடத்துக்குப் போகும்.

கிட்டில் ஒரு கமிட்டின் அடையாள எண் அதன் உள்ளடக்கம், எழுதியவர் பெயர், தேதி, முந்தைய கமிட்டின் எண் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. நடுவில் ஒன்றைத் தொட்டால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே மாறும். ஆகவே வரலாற்றைத் தொடுகிற முடிவுகள் அனைத்தும் மாற்று நாளோடு மூடப்படுபவை. எழுத்தாளர் பட்டியல் அதில் முதலாவது. சப்வெர்ஷனில் வெறும் பயனர்பெயர்தான் இருக்கும். கிட்டுக்கு முழுப் பெயரும் மின்னஞ்சலும் வேண்டும். ஒருவர் தன் பழைய மின்னஞ்சல் வேண்டாம் என்பார், இன்னொருவர் பெயரை மாற்றியிருப்பார், சிலரைத் தொடர்புகொள்ளவே முடியாது. பட்டியலை எல்லாருக்கும் காட்டி மூன்று வாரம் திறந்துவைத்து, அதற்கப்புறம் மூடிவிடுங்கள். மூடிய பிறகு வருகிறவருக்கும் வழி உண்டு. மெயில்மேப் என்ற கோப்பில் பழைய பெயருக்குப் புதிய பெயரைக் குறித்துவிட்டால், வரலாற்றை மாற்றாமலேயே லாகிலும் (கமிட்டுகளின் பட்டியல்) பிளேமிலும் (எந்த வரியை யார் எழுதினார் என்று காட்டுவது) புதிய பெயர் தெரியும். இந்த வழி இருப்பது தெரியாததால்தான், மாற்று நாள் முடிந்து ஒரு மாதம் கழித்து ஒரு பெயருக்காக மொத்த வரலாற்றையும் மறுபடி எழுதச் சொல்லிச் சண்டை வருகிறது.

பெரிய கோப்புகள் இரண்டாவது. கிட்ஹப் 100 மெபிபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை வாங்காது. பத்து வருடத்துக்கு முன் யாரோ தவறுதலாகச் சேர்த்து மறுநாளே நீக்கிய ஒரு கோப்பு வரலாற்றில் இருந்தாலும், புஷ் (கிட்ஹப்புக்கு அனுப்புவது) மறுக்கப்படும். அதை வரலாற்றிலிருந்தே எடுக்க வேண்டும், எடுத்தால் எண்கள் மாறும். எனவே இதையும் மாற்று நாளுக்கு முன்பே முடித்தாக வேண்டும்.

வரி முடிவுக் குறிகளை (விண்டோஸிலும் பிற இயங்குதளங்களிலும் இவை வேறுவேறு) முன்பே பார்த்துவிட வேண்டும் என்பதற்குப் பைத்தானே சாட்சி. 2009 முடிவுக்கும் 2011 மாற்றத்துக்கும் நடுவில் இழுபறியான விஷயங்களில் இது முக்கியமானது. விண்டோஸ் பயனர்களுக்கு வரி முடிவுகளைச் சரியாகக் கையாளும் நீட்சி மெர்க்கூரியலில் தயாராகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிட்டில் இதற்குக் கிட்அட்ரிப்யூட்ஸ் கோப்பு இருக்கிறது. அதை மாற்று நாளுக்கு முன் முடிவுசெய்யாமல் விட்டால், பின்னால் எல்லாக் கோப்பையும் தொடும் ஒரு கமிட் போட வேண்டிவரும். யார் எந்த வரியை எழுதினார் என்று பார்த்தால் எங்கும் அந்த ஒரு கமிட்டே தெரியும். 2019-இல் வந்த கிட் 2.23 முதல், பிளேம் பார்க்கும்போது குறிப்பிட்ட கமிட்டுகளைத் தாண்டிப் போகச் சொல்லலாம். அதனால் இந்த முடிவைப் பின்னால் திறந்தாலும் இப்போது சேதம் குறைவு.

பிராஞ்சின் பெயரை மாற்றுவது மலிவு. பைத்தான் தன் முதன்மை பிராஞ்சை 2021-இல் மாஸ்டரிலிருந்து மெயினுக்கு மாற்றியது; நான்கு வருடம் ஓடிய பிறகும் அது முடிந்தது. லேபிள்கள், புல் ரிக்வெஸ்ட் (தன் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) படிவம், தானியங்கிச் சோதனைகளின் வரிசை எல்லாம் இந்த வகைதான். மாற்றத்துக்கு நடுவில் யாராவது லேபிள் நிறத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் "இது பின்னாலும் மாற்றக்கூடியது, மூன்று மாதம் கழித்துப் பேசுவோம்" என்று சொல்லிவிடலாம். யாருக்கும் வருத்தம் வராது, ஏனென்றால் கதவு உண்மையிலேயே திறந்திருக்கிறது.

பிழைப் பதிவு எண்கள் இதற்கு நேர் எதிர். கிட்ஹப்பில் இஷ்யூவும் (பிழைப் பதிவு) புல் ரிக்வெஸ்டும் ஒரே எண்வரிசையைப் பகிர்ந்துகொள்கின்றன. பைத்தான் குழு 2016-இல் தெரிந்தே ஒரு வேலை செய்தது: மூலநிரலை மட்டும் கிட்ஹப்புக்கு மாற்றி, பிழைப் பதிவேட்டைப் பழைய ரவுண்டப் மென்பொருளிலேயே விட்டது. இரண்டையும் ஒரே முடிவாகக் கட்டியிருந்தால் எதிர்ப்பும் இரட்டிப்பாகியிருக்கும். ஆனால் 2022-இல் பதிவேடு வந்து சேர்ந்தபோது, ஐந்து வருட புல் ரிக்வெஸ்டுகள் எண்களை எடுத்துக்கொண்டிருந்தன. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய பிழைகளுக்குப் புதிய எண் போட வேண்டியதாயிற்று. பழைய தளத்தைப் படிக்க மட்டும் திறந்துவைத்து, ஒவ்வொரு பழைய பதிவிலிருந்தும் புதியதற்குச் சுட்டி கொடுத்துச் சமாளித்தார்கள். பிரித்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அதற்கு ஒரு விலை உண்டு என்பதை மட்டும் பிரிக்கும் நாளிலேயே எழுதிவைக்க வேண்டும். இல்லையென்றால் விலை கண்ணில் படும் நாளில் முடிவே தப்பு என்று தோன்றும்.

புகாரையும் முடிவையும் குழப்பிக்கொள்வது இங்கே அடிக்கடி நடக்கிறது. பைத்தானில் ஒவ்வொரு மாற்றத்தோடும் செய்திக் கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டியிருந்தது. எல்லாரும் ஒரே கோப்பின் தலையில் எழுதியதால், புல் ரிக்வெஸ்ட் முறையில் ஒன்று சேர்ந்ததும் மற்றவை எல்லாம் மோதின. "கிட்ஹப் நமக்கு ஒத்துவரவில்லை" என்று இதை வைத்து மொத்த முடிவையும் திறந்திருக்கலாம். 2017-இல் லாரி ஹேஸ்டிங்ஸ் பிளர்ப் என்ற சின்னக் கருவி எழுதினார்: ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனிக் கோப்பு, வெளியீட்டின்போது எல்லாவற்றையும் ஒன்றாகக் கோப்பது. மோதல் நின்றது. யாராவது "இந்தக் கருவி வேண்டாம்" என்றால் முதலில் கேட்க வேண்டியது, எந்த வேலையின் எந்தப் படி அவருக்குத் தடுக்கிறது என்று. பதில் ஒரு படியாக இருந்தால் அந்தப் படியைச் சரிசெய்யுங்கள்.

மறுதிறப்பு மனு

திறக்க விரும்புகிறவர் அரைப் பக்கம் எழுதட்டும். முடிவுக் குறிப்பின் எந்தக் காரணம் இப்போது பொருந்தவில்லை. அதற்கு ஆதாரம் என்ன, அதாவது மற்றவர் தன் கணினியில் ஓட்டிப் பார்க்கக்கூடிய கட்டளையோ, கருவியின் வெளியீட்டுக் குறிப்போ. முடிவு மாறினால் இதுவரை செய்ததில் எது வீணாகும். புதிய வழியின் வேலையை யார் செய்வார். கடைசிக் கேள்விக்கு "யாராவது செய்வார்கள்" என்பது பதில் ஆகாது. தன்னார்வக் குழுவில் வேலை செய்ய ஆள் இல்லாத முடிவு, முடிவே ஆகாது.

மனுவுக்கு ஆதரவு எத்தனை பேர்? டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டத்தின் அமைப்புச் சட்டத்தில் பொதுத் தீர்மானம் ஒன்றைக் கொண்டுவர, முன்மொழிபவரைத் தவிர இன்னும் ஐந்து உறுப்பினர் வழிமொழிய வேண்டும். சுமார் ஆயிரம் பேர் உள்ள திட்டத்துக்கு அந்த ஐந்து. பதினைந்து பேர் உள்ள குழுவுக்கு இரண்டு போதும். அமெரிக்கச் சங்கங்களின் கூட்ட நடைமுறையில் ஒரு நல்ல விதி இருக்கிறது: நிறைவேறிய தீர்மானத்தை மறுபரிசீலனை செய்யலாம் என்று முன்மொழிகிறவர், வென்ற பக்கத்தில் வாக்களித்தவராக இருக்க வேண்டும். இதைத் தளர்த்தி எடுத்துக்கொள்ளலாம்: வழிமொழிபவர்களில் ஒருவராவது முதலில் முடிவை ஆதரித்தவராக இருக்கட்டும். தோற்றவர்கள் மட்டும் சேர்ந்து மாதம் ஒரு தடவை திறப்பது நின்றுவிடும். உண்மையில் நிலைமை மாறியிருந்தால், ஆதரித்தவர்களில் ஒருவருக்காவது அது தெரியாமல் போகாது.

நாள் கணக்கு: படிக்க ஏழு நாள், பேச ஏழு நாள். இரண்டு வார இறுதிகள் கட்டாயம் உள்ளே வர வேண்டும், ஏனென்றால் பாதிப் பேருக்கு அப்போதுதான் நேரம். பதினைந்தாம் நாளன்று, முதலில் முடிவை எடுத்தவரே பதில் சொல்ல வேண்டும். அவர் விலகியிருந்தால் அவர் இடத்தில் இருப்பவர். அந்தப் பதினான்கு நாளும் மாற்ற வேலை நிற்காது. இதை விதியில் தனி வாக்கியமாக எழுதுங்கள். நீதிமன்றத்தில் வாய்தா வாங்கியே வழக்கைச் சாகடிப்பதுபோல், மனு போட்டே மாற்றத்தை நிறுத்திவிட முடியும் என்றால் மனுக்கள் வந்துகொண்டே இருக்கும்.

"திறக்கத் தேவையில்லை" என்பதும் ஒரு முறையான விடை. சிஸ்டம்டி என்ற தொடக்க மென்பொருளை இயல்பாக வைப்பதா என்ற விவகாரத்தில் டெபியனின் தொழில்நுட்பக் குழு 2014 பிப்ரவரியில் முடிவெடுத்தது. அதே வருடம் நவம்பரில் பொதுத் தீர்மான வாக்கெடுப்பு வந்தபோது வென்ற வாசகம், இதற்குப் பொதுத் தீர்மானம் தேவையில்லை என்பது. 2019 டிசம்பரில் மறுபடி வாக்கெடுப்பு நடந்தது. ஐந்து வருடத்தில் இரண்டு தடவை முறைப்படி திறந்து மூடினார்கள். கசப்பு இருந்தது, சிலர் விலகினார்கள். ஆனாலும் எந்த நாளிலும் "இப்போது செல்லுபடியாகும் முடிவு எது?" என்ற கேள்விக்கு ஒரே பதில் இருந்தது.

மனு இல்லாமல் பேச்சுவாக்கில் திறக்கிறவருக்கு அனுப்ப ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளலாம். இப்படி: "நீங்கள் கேட்பது எங்கள் முடிவுக் குறிப்பில் மூன்றாவது காரணத்தைத் தொடுகிறது; சுட்டி இதோ. அந்தக் காரணம் இப்போது பொருந்தவில்லை என்று நினைத்தால் அரைப் பக்க மனுவாக எழுதுங்கள், எழுத நான் உதவுகிறேன். அதுவரை மாற்ற வேலை திட்டப்படி நடக்கும். குறிப்பில் ஏதாவது புரியவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள், திருத்துகிறோம்." நான்கே வாக்கியம். நாற்பது மடலை இது மிச்சப்படுத்தும். புதிதாக வந்தவருக்கு இதை அனுப்பும்போது கூடுதல் பரிவு வேண்டும். அவர் யாரையும் எதிர்க்கவில்லை. முடிவெடுத்தபோது இல்லாதவர், தெரிந்துகொள்ளக் கேட்கிறார்.

கொள்கையால் எதிர்ப்பவர்கள்

திறந்த மூல மென்பொருள் செய்கிற குழு, மூலம் திறக்காத ஒரு நிறுவனச் சேவையை நம்பலாமா? கிட்ஹப் பேச்சு எழும் ஒவ்வொரு இடத்திலும் இது வரும், வரவும் வேண்டும். இந்தக் கேள்வியை எந்த அளவீட்டாலும் மூட முடியாது. எதிர்ப்பவர் நாளை காலையும் அதே கொள்கையோடுதான் எழுந்திருப்பார். அவரை மாற்ற முயல்வது வீண், மரியாதைக்குறைவும்கூட.

இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பில் உள்ள பழக்கம் இங்கே கைகொடுக்கும். அவர்கள் 2014-இல் எழுதிவைத்தபடி, ஒத்த கருத்து என்பது எல்லா எதிர்ப்பையும் ஏற்றுக்கொள்வது ஆகாது. எல்லா எதிர்ப்பையும் எடுத்து ஆராய்ந்து விடை சொல்லியிருக்க வேண்டும் என்பதே. ஆகவே எதிர்ப்பவரின் வாதத்தை அவரே "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ளும் விதத்தில் குறிப்பில் எழுதுங்கள். எழுதியதை அவரிடம் காட்டித் திருத்தம் வாங்குங்கள். அடியில், கேட்டோம், எடைபோட்டோம், இந்தக் காரணத்தால் ஏற்கவில்லை என்று பதியுங்கள்.

அதோடு நிற்காமல், அவர் பயப்படுவது நடந்தால் என்ன செய்வோம் என்பதற்கு ஒரு வேலையும் சேர்க்க வேண்டும். கிட்ஹப் மாற்றத் திட்டமான பெப் 512-இல், புல் ரிக்வெஸ்ட் தரவைத் தனியே காப்புப்படி எடுத்துவைப்பதும் பட்டியலில் இருந்தது. மூலநிரலின் முழு நகல் எல்லார் கணினியிலும் இருக்கும், அதற்குக் கவலை வேண்டாம். தொலைந்துபோகக்கூடியவை விவாதங்கள், மதிப்பாய்வுக் குறிப்புகள், இஷ்யூக்கள். வாரம் ஒரு முறை ஏபிஐ (நிரல்கள் தரவைக் கேட்டு வாங்கும் வாசல்) வழியாக இறக்கிக் குழுவின் சொந்த இடத்தில் வைக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தக் காப்புப்படியிலிருந்து பத்து இஷ்யூக்களை உண்மையிலேயே மீட்டுப் பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத காப்புப்படியை நம்ப முடியாது. இந்த வேலையை எதிர்ப்பவரே எடுத்துக்கொண்டால் மிக நல்லது. அதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்ற அக்கறை அவருக்குத்தான் அதிகம்.

2019-இல் பிழைப் பதிவேட்டை மாற்றச் சொன்ன பெப் 581-க்கு எதிராக, இருக்கிற பதிவேட்டையே மேம்படுத்தலாம் என்று பெப் 595 வந்தது. அது நிராகரிக்கப்பட்டது. அதை எழுதிய இருவரில் ஒருவரான எசியோ மெலோட்டிதான் பின்னால் அந்த மாற்றத் திட்டத்தை நடத்தினார். பழைய பதிவேட்டின் உள்ளும் புறமும் அறிந்தவர் கையில் மாற்றம் போனது. தோற்ற தரப்பைக் கூட்டத்திலிருந்து வெளியே தள்ளியிருந்தால் அந்த அறிவும் வெளியே போயிருக்கும்.

சத்தமில்லாமல் திறப்பது

மடலில் எழுதித் திறக்கிறவரைச் சமாளிக்கலாம். எதுவும் எழுதாமல் பழைய கருவியிலேயே தொடர்கிறவரால்தான் குழு இரண்டாகிறது. மாற்று நாளுக்குப் பிறகும் பழைய ரெப்போவில் (மூலநிரல் களஞ்சியத்தில்) கமிட் விழும். அதை யாரோ கையால் புதியதற்கு எடுத்துப்போவார். மூன்று மாதத்தில் எது உண்மையான மூலம் என்று யாருக்கும் நிச்சயமில்லை. இரண்டு பக்கமும் எழுதக்கூடிய இருவழி நகல் வைத்துத் தருகிறேன் என்று நல்ல மனதோடு ஒருவர் முன்வருவார். வேண்டாம். மோதல் வரும் நாளில் அதைச் சரிசெய்ய அவர் ஒருவரால்தான் முடியும்.

பழைய இடத்தை அன்றைக்கே படிக்க மட்டுமாக்குங்கள். சப்வெர்ஷனில் இதற்கு ப்ரீ-கமிட் ஹூக்கில் (கமிட்டுக்கு முன் தானாக ஓடும் ஸ்கிரிப்டில்) மூன்று வரி போதும்: புதிய முகவரியையும் வழிகாட்டிப் பக்கத்தையும் பிழைச்செய்தியாக எழுதிவிட்டு, பூச்சியமல்லாத எண்ணோடு வெளியேற வேண்டும். கமிட் செய்ய முயல்கிறவர் திரையில் அந்தச் செய்தி வந்து நிற்கும்.

இன்னொரு சத்தமில்லாத வகை, ஸ்கிரிப்ட் எழுதுகிறவரே முடிவை மாற்றிவிடுவது. "அந்த மூன்று பழைய பிராஞ்சுகள் தொல்லையாக இருந்தன, விட்டுவிட்டேன்." கெட்ட எண்ணம் துளியும் இருக்காது; இரவு ஒரு மணிக்கு எடுத்த முடிவு. இதற்காகத்தான் ஒத்திகை. முழு மாற்றத்தையும் குறைந்தது மூன்று தடவை தூக்கியெறியும் ரெப்போவில் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் எல்லா வெளியீட்டு டேகுகளையும் (ஒவ்வொரு வெளியீட்டுக்கும் இட்ட பெயர்க் குறிகளையும்) பழையதிலிருந்தும் புதியதிலிருந்தும் எடுத்து, அடைவு அடைவாக ஒப்பிடுங்கள். இரண்டு பொய் வித்தியாசங்கள் வரும்: சப்வெர்ஷன் கோப்புகளுக்குள் விரித்து எழுதும் ஐடி போன்ற குறிச்சொற்கள், கிட் சேமிக்காத வெற்று அடைவுகள். முதலாவதைத் தவிர்க்க ஏற்றுமதியின்போது குறிச்சொற்களை விரிக்காதே என்று சொல்லலாம். மீதி வரும் ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் விளக்கம் எழுதப்பட வேண்டும். இரண்டாவது ஒத்திகை முடிந்த பிறகு வரும் பத்து நாளை, திறப்பதற்கான நாட்களாக அறிவித்துவிடுங்கள். உண்மையான புதிய தகவல் பெரும்பாலும் ஒத்திகையில்தான் வெளிவரும். அந்த நேரத்தில் கதவு திறந்திருக்க வேண்டும். மூன்றாவது ஒத்திகைக்குப் பிறகு, தரவு இழப்பு என்ற ஒரே காரணத்தைத் தவிர வேறெதற்கும் திறக்காது.

முதலில் சின்ன ரெப்போக்களை மாற்றுவது இதே பயனைத் தரும். பைத்தான் குழு தன் முதன்மை மூலநிரலுக்கு முன்பே, உருவாக்குநர் கையேடு, பெப் ஆவணங்கள் போன்றவற்றை மாற்றியது. திட்ட ஆவணமே கட்டாயம் வேண்டியவை, பிறகு சேர்க்கலாம் என்று இருப்பவை என இரண்டாகப் பிரிந்திருந்தது. பங்களிப்பாளர் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறதா என்று பார்க்கும் பாட் (தானியங்கி நிரல்) கட்டாயப் பட்டியலில் இருந்தது. அது இல்லாமல் ஒரு புல் ரிக்வெஸ்டையும் சட்டப்படி ஏற்க முடியாது. "இது இல்லாமல் மாற முடியாது" என்று யாராவது சொல்லும்போது, கட்டாயப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இல்லையென்றால் அதைச் சேர்க்கவும் மனுதான்.

மாற்று நாளுக்கு ஆறு மாதம் கழித்து மறுஆய்வுக்கு ஒரு தேதி குறித்துவையுங்கள். அதுவரை வரும் மனக்குறைகளை ஒரு பக்கத்தில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். சொன்னவர் பெயர், தடுத்த படி, தேதி மூன்றும் இருக்கட்டும். முதல் மாதத்தில் பக்கம் வேகமாக நிறையும், கை பழகப் பழகக் குறையும். மறுஆய்வு நாளில் இன்னும் உயிரோடு இருக்கும் குறைகளை மட்டும் எடுத்துப் பேசுங்கள். பழைய சேவையகத்தை அணைக்கும் நாளை அந்தக் கூட்டத்தில்தான் முடிவுசெய்ய வேண்டும். அணைப்பதற்கு முன், பழைய கமிட் எண்ணிலிருந்து புதிய எண்ணுக்குப் போகும் முழுப் பட்டியலை ஒரு கோப்பாக எடுத்துப் புதிய ரெப்போவிலேயே சேர்த்துவிடுங்கள். பழைய பிழைப் பதிவுகளில் "ஆர் 48213-இல் சரிசெய்யப்பட்டது" என்பதுபோல் எழுதியிருக்கும் குறிப்புகள் எதைச் சொல்கின்றன என்று, அதன்பின் அந்தக் கோப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.